நிலவரியை எதிர்த்துச் சென்னை மாகாணத்து உழவர்கள் கிளர்ந்தெழவில்லையா?

எழுந்தார்கள், 1830–31இல், அப்போது இம்மாகாணத்தில் இருந்த தென்கன்னடப் பகுதியில், உழவர்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டு வரி கட்ட மறுத்தனர். இருப்பினும், நீங்கள் கேட்பது போலத் தமிழ் மாவட்டங்களில் பெருங்கலகம் குறைவாகத் தெரிவதற்கு ரயத்துவாரி முறையே முக்கியக் காரணம் என்பது என் கருத்து. தீவுத்திடலருகே சேணமில்லாக் குதிரையில் சிலையாக அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ, 1820இல் ஆளுநரானதும் விரிவாக்கிய அம்முறையில் இடையில் ஜமீன்தார் இல்லை. ஒவ்வோர் உழவரும் தனித்தனியே அரசுக்கு வரி செலுத்தக் கடமைப்பட்டவர். எனவே திரண்டு எதிர்க்கக் கண்முன் ஒரு பண்ணையார் வீடு இருக்கவில்லை; தாசில்தாரும் சேவகனும்தான் வாசலுக்கு வந்தனர்.

அவர்கள் வரி பிரித்த விதம் கொடியது. 'அண்ணாந்தாள்' என்பது, ஆளைக் குனியவைத்துக் கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்துவது. 'கிட்டி' என்பது, இரு கட்டைகளுக்கிடையே விரல்களை நெரிப்பது. 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தை நிறுவிய கஜுலு லட்சுமிநரசு செட்டி, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியதோடு, 1853இல் இங்கு வந்த உறுப்பினர் டான்பி செய்மரிடம் இக்கொடுமைகளை எடுத்துரைத்தார். அதன் விளைவாக அமைந்த விசாரணைக் குழு 1855இல் சித்திரவதை நடந்ததை ஒப்புக்கொண்டது. ஆனால் பழியை உள்ளூர்ச் சிப்பந்திகள் மீது சுமத்தி, வரித்தொகையை வசூலித்தே தீரச் சொன்ன வெள்ளை அதிகாரிகளை விடுவித்தது.