எத்தனை காலத்துக்கு இந்தப் பழங்கதை?

கேள்வி: நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் ஒரு மாவோரிப் பெண் உறுப்பினர் மசோதாவைக் கிழித்து ஹாகா என்ற அவர்களுடைய மரபு ஆட்டத்தை ஆடிய வீடியோவைப் பார்த்தேன். 1840-ல் போட்ட ஒப்பந்தத்துக்கு இன்னுமா சண்டை? அரசு மன்னிப்பும் கேட்டுவிட்டது, இழப்பீடும் கொடுத்துவிட்டது. பழையதை விட்டுவிட்டு வேலையைப் பார்க்க வேண்டியதுதானே?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: 1840 என்று நீங்கள் சொன்னதும் ஏதோ பூட்டன் காலத்துச் சமாசாரம் போலத் தோன்றுகிறது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் தலைவர்களும் பிரிட்டிஷ் அரசும் அந்த வருஷம் போட்டதுதான் வைதாங்கி ஒப்பந்தம். ஆனால் காயம் அந்த வருஷத்தோடு நின்றுவிடவில்லை. 1867-ல் வந்த சட்டம் மாவோரிப் பிள்ளைகளின் பள்ளிகளில் ஆங்கிலத்தையே பாடமொழியாக்கியது. வகுப்பில் தாய்மொழியில் பேசினால் பிரம்படி. அடி வாங்கியவர்கள் வளர்ந்து, தாயும் தகப்பனும் ஆனபோது, 'நம்ம பிள்ளைக்கும் இந்த அடி வேண்டாம்' என்று வீட்டுக்குள்ளேயே அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். 1913-ல் மாவோரிப் பள்ளிக் குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் தாய்மொழி பேசினார்கள். 1975-ல் ஐந்து பேர்கூட இல்லை. 1975-ல் பள்ளிக்கூடம் போன பிள்ளைக்கு இன்று என்ன வயதிருக்கும்? இதையா பழங்கதை என்கிறீர்கள்?

இழப்பீட்டுக்கு வருவோம். 1860-களில் அரசுக்கும் மாவோரிகளுக்கும் நடந்த போருக்குப் பின் வைகாட்டோ பகுதி மாவோரிகளிடமிருந்து மட்டும் சுமார் 12 லட்சம் ஏக்கர் நிலத்தை அரசு பறித்துக்கொண்டது. 1995-ல் அதற்கான உடன்பாடு சட்டமானது. மன்னிப்பு அடங்கிய அந்தச் சட்டத்தில் எலிசபெத் ராணி நேரில் வந்து கையெழுத்திட்டார். கிடைத்தது 17 கோடி நியூசிலாந்து டாலர் மதிப்பு. பறிபோனதோடு வைத்துப் பார்த்தால் அது மிகச் சிறிய பங்கு. அதையும் பெற்றுக்கொண்டு, 'நிலமாகப் போனது நிலமாகவே திரும்ப வேண்டும்' என்ற தங்கள் முன்னோர் வாக்கை அவர்கள் விடவில்லை. விடவும் கூடாது.

மொழியை மீட்டது யார் என்று பாருங்கள். முன்னால் நின்று சுமந்தவர்கள் கிழவிகள். 1982-ல் வெலிங்டன் பக்கத்தில் வைனுயோமாத்தா என்ற ஊரில் முதல் 'கோஹங்கா ரேயோ' தொடங்கியது. மொழிக் கூடு என்று அர்த்தம். ஊர்ப் பொதுக்கூடம், தேவாலயக் கூடம், வீட்டு கராஜ் என்று எது கிடைத்ததோ அதில் பாய் விரித்தார்கள். தவழுகிற குழந்தை முதல் ஐந்து வயது வரை எல்லாரும் அங்கே. தாய்மொழி நன்றாகத் தெரிந்த பாட்டிமார் மடியில் போட்டுக்கொண்டு பாடுவார்கள், ஊட்டுவார்கள், அதட்டுவார்கள், எல்லாமே மாவோரியில். உள்ளே ஆங்கிலம் கிடையாது. பெற்ற தாய்க்குத் தெரியாத மொழியைப் பாட்டியிடமிருந்து பேரப்பிள்ளை வாங்கிக்கொண்டது. நடுவில் அறுந்துபோன ஒரு தலைமுறையைத் தாண்டி முடிச்சுப் போட்டார்கள். மூன்றே வருஷத்தில் இப்படி 400-க்கும் மேற்பட்ட கூடுகள்! இதை எப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது. அப்புறம் அந்தப் பிள்ளைகள் மேலே படிக்க மாவோரி வழிப் பள்ளிகள் வந்தன.

சரி, ஒப்பந்தம் எங்கே வருகிறது? வைதாங்கி ஒப்பந்தத்துக்கு இரண்டு பிரதிகள். ஆங்கிலப் பிரதி, இறையாண்மையை விக்டோரியா ராணிக்கு விட்டுக்கொடுத்ததாகச் சொல்கிறது. மாவோரிப் பிரதியோ நிலமும் ஊரும் 'தாவோங்கா' அனைத்தும் தலைவர்களின் முழு அதிகாரத்திலேயே இருக்கும் என்று வாக்குக் கொடுக்கிறது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட தலைவர்களில் ஆங்கிலப் பிரதியில் கையெழுத்திட்டது 39 பேர்தான். தாவோங்கா என்றால் போற்றிக் காக்க வேண்டிய செல்வம். 'எங்கள் மொழியும் தாவோங்காதானே?' என்று 1985-ல், ஒப்பந்த மீறல் புகார்களை விசாரிக்கும் வைதாங்கி தீர்ப்பாயத்தின் முன் போய் நின்றார்கள். ஆமாம் என்றது தீர்ப்பாயம். 1987-ல் மாவோரி ஆட்சிமொழி ஆனது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவ்வளவு தூரம் வர முடிந்தது.

நீங்கள் வீடியோவில் பார்த்தது, அந்த ஒப்பந்தத்தின் கோட்பாடுகளுக்குப் புதிய விளக்கம் எழுத வந்த மசோதா. பிடித்து ஏறிய கயிற்றையே அறுக்கிற வேலை. 2024 நவம்பரில் வெலிங்டனில் சுமார் 42,000 பேர் நாடாளுமன்றத்தின் முன் திரண்டது அதனால்தான். 2025 ஏப்ரலில் 11-க்கு 112 என்ற வாக்குகளில் மசோதா தோற்றது. ஆனாலும் ஹாகா ஆடியதற்காக அந்தப் பெண்ணை ஏழு நாள் இடைநீக்கம் செய்தார்கள். அவருடைய கட்சியின் தலைவர்கள் இருவருக்கு 21 நாள். எனக்கு இது கொஞ்சமும் நியாயமாகப் படவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் ஹானா ராவ்ஹிதி மைபி கிளார்க். அப்போது வயது 22. 1972 செப்டம்பரில், பள்ளிகளில் மாவோரி கற்றுத்தர வேண்டும் என்று 30,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு ஒரு மனு இதே நாடாளுமன்றத்துக்கு வந்தது. அதற்காக அலைந்தவர்களில் 'ஙா தமதோவா' என்ற இளைஞர் குழு முக்கியமானது. ஹானாவின் தாத்தா அந்தக் குழுவில் இருந்தவர். அவர்கள் மனுப் போட்டுக் கேட்ட மொழியில்தான் பேத்தி அன்று சபைக்குள் நின்று குரலெழுப்பினாள்.