ஊற்றும் முன் தோண்டிப் பாருங்கள்: மண்ணுயிர் கேள்வி-பதில்

மண்வெட்டி பட்டு மண்புழு இரண்டு துண்டாகிவிட்டது. இனி இரண்டு புழுவாக வளரும்தானே?

வளராது. தலைப்பக்கத் துண்டு போதிய நீளம் இருந்தால் பிழைத்து, வாலை மறுபடி வளர்த்துக்கொள்ளலாம். வால் துண்டு செத்துவிடும்.

வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. என்ன மருந்து ஊற்றலாம்?

என்ன செடி என்றே எழுதவில்லையே! பயறு வகை என்றால் அது பெரும்பாலும் ரைசோபியம் என்ற பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சு. காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குத் தருவது. தக்காளி, கத்தரி என்றால் வேருக்குள் புகுந்து கெடுக்கும் நூற்புழுவைச் சந்தேகிக்கலாம். விரலால் தள்ளிப் பாருங்கள். முடிச்சு தனியாக உதிர்ந்து வந்தால் ரைசோபியம். வேரே வீங்கியிருந்து பிரிக்க வராவிட்டால் நூற்புழு. உதிர்ந்ததை நகத்தால் கிள்ளுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். மருந்து ஊற்றியிருந்தால் உங்களுக்கு உழைப்பவர்களையே கொன்றிருப்பீர்கள். ஊற்றும் முன் தோண்டிப் பாருங்கள்.

முட்டைக்கோசுக்கு வேர் உட்பூசணம் போட்டேன். பலனே இல்லை.

இருக்காது. அது வேருக்குள் வாழ்ந்து, செடிக்கு மண்ணின் சத்தை எடுத்துக் கொடுக்கும் பூசணம். கோஸ், கடுகு குடும்பம் அந்தப் பூசணத்தோடு கூட்டுச் சேருவதில்லை. மற்ற பெரும்பாலான பயிர்கள் சேரும்.

மாதாமாதம் நுண்ணுயிர்க் கரைசல் ஊற்றுகிறேன். மண் இன்னும் கல் மாதிரிதான் இருக்கிறது. வேறு எந்தக் கரைசல் வாங்கலாம்?

எதுவும் வாங்க வேண்டாம். இதே கேள்வி வாராவாரம் வருகிறது, ஒவ்வொரு தடவையும் மனசு வலிக்கிறது. நல்ல மண் ஒரு தேக்கரண்டி எடுத்தால் அதிலேயே 100 கோடி பாக்டீரியா வரை இருக்கும். உலகத்து உயிரினங்களில் பாதிக்கு மேல் மண்ணில்தான் வாழ்கின்றன என்று 2023இல் ஒரு கணக்கே வந்தது. ஆள் பஞ்சம் இல்லை, சோற்றுப் பஞ்சம்தான். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அறுவடை முடிந்ததும் சருகைக் கொளுத்தி, நாலு தடவை உழுது, வெயிலில் காயப்போட்டதாக. ஊற்றிய உயிர்கள் அங்கே எதைத் தின்னும்? செடி உயிரோடு இருந்தால் வேர் வழியே சர்க்கரை கசியும், அதுதான் அவற்றின் சாப்பாடு. தலைமுடியைவிட மெல்லிய பூசண இழைகள் மண்துகள்களைக் கட்டிப் பிடித்திருக்கும். ஒவ்வொரு உழவும் அந்த இழைகளை அறுக்கிறது. அறுந்த பிறகு மழை பெய்தால் மண் சேறாகி, காய்ந்து இறுகத்தான் செய்யும்.

ஒரு மூலையில் மட்டும் நாலு விரல் கனத்துக்குச் சருகைப் பரப்பி மூடாக்குப் போட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்து விடிகாலையில் சருகை விலக்குங்கள். இரண்டு இலையை ஒட்டவைத்தபடி வெள்ளை நூல் ஓடும். அடியில் பொடி உருண்டைகளாக மண்புழு எச்சம் கிடக்கும். அப்புறம் கரைசல் கடைப்பக்கம் போக உங்களுக்கே தோன்றாது. மண்ணை வெறுமையாக விடாதீர்கள், மறுபடி மறுபடி சொல்கிறேன்.

முதல் மழையில் மண் மணப்பது ஏன்?

ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளால்தான்.

தொட்டியில் தண்ணீர் விட்டால் வெள்ளையாகக் குட்டிப் பூச்சிகள் துள்ளுகின்றன. வேரைத் தின்றுவிடுமா?

அவை வால்துள்ளிகள். மட்கும் இலையையும் பூசணத்தையும் மேயும், செடிக்குக் கெடுதல் இல்லை. எண்ணிக்கை மிக அதிகமென்றால் தண்ணீர் அதிகம் விடுகிறீர்கள்; மேல்மண் கொஞ்சம் உலரட்டும். இதற்கும் மருந்து ஊற்றிவிடாதீர்கள்.