வந்தேறிப் பூச்சிகளும் நோய்களும்: கேள்வி-பதில்

மக்காச்சோளத்தில் படைப்புழுவுக்கு இரண்டு முறை மருந்தடித்தும் சாகவில்லை. மருந்து போலியா?

இருக்கலாம்; ஆனால் பெரும்பாலும் மருந்து புழுவைத் தொட்டே இருக்காது. வளர்ந்த புழு குருத்துக்குள் இறங்கி, மரத்தூள் போன்ற தன் எச்சத்தாலேயே வழியை அடைத்துக்கொள்ளும். முதலில் ஒரு புழுவைப் பிடித்துப் பாருங்கள். தலையில் தலைகீழான ‘ஒய்’ கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால் அதுதான் படைப்புழு. புழு சிறிதாக இருக்கும்போது, மாலையில், எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி (தண்ணீரில் கரையும் குருணை மருந்து) லிட்டருக்கு 0.4 கிராம் கலந்து, தெளிப்பான் முனையைக் குருத்துக்கு நேராகப் பிடித்து அடியுங்கள். அடுத்த முறை வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். ஒன்றையே திரும்பத் திரும்ப அடித்தால் புழு அதற்குப் பழகிவிடும். இலையில் பஞ்சு போர்த்தியது போன்ற முட்டைக் குவியல் கண்ணில் பட்டால் நசுக்கிவிடுங்கள். ஒரு குவியலில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும்.

கேவண்டிஷ் வாழையில் அடியிலைகள் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, காம்பு ஒடிந்து தொங்குகின்றன. என்ன மருந்து ஊற்றலாம்?

எதையும் ஊற்ற வேண்டாம். தண்டைக் குறுக்கே வெட்டுங்கள். செம்பழுப்பு நூல்கள் வளையமாகத் தெரிந்தால் ஃபுசேரியம் என்ற பூஞ்சையால் வரும் வாடலாக இருக்கலாம். வெட்டிய துண்டைத் தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை இறங்கினால் அது பூஞ்சை அல்ல, பாக்டீரியா வாடல்.

இழை இறங்காவிட்டால் டிஆர்4, அதாவது கேவண்டிஷையும் தாக்கும் ஃபுசேரியம் வகை, என்று சந்தேகிக்க வேண்டும். காரணம், பழைய ‘ரேஸ் 1’ பூஞ்சையைக் கேவண்டிஷ் தாங்கும். அதில் அழிந்த குரோ மிஷேல் என்ற வாழை ரகத்துக்குப் பதிலாகத்தான் உலகச் சந்தைக்குக் கேவண்டிஷே வந்தது! ஆய்வகச் சோதனைதான் உறுதி சொல்லும். அதுவரை அந்த மரத்தைத் தோண்டி இழுக்காதீர்கள். மண் சிந்தும் இடமெல்லாம் நோயும் போகும். சுற்றி வேலி போடுங்கள், பாசன நீர் அங்கிருந்து வழிந்தோட விடாதீர்கள். செருப்பு, மண்வெட்டியில் ஒட்டிய சேற்றைத் தேய்த்துக் கழுவிய பிறகே கிருமிநாசினியில் நனையுங்கள். சேறு இருந்தால் கிருமிநாசினி வேலை செய்யாது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

பூஞ்சையின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். திசு வளர்ப்புக் கன்று நோயில்லாமல் வரும். ஆனால் அந்த மண்ணில் நட்டால் அதுவும் வாடும்.

தென்னை ஓலையில் கறுப்புப் படலம். மரம் செத்துவிடுமா?

சாகாது. சுருள் வெள்ளை ஈ கக்கும் தேன் திரவத்தில் வளரும் கரும்பூஞ்சை அது, ஓலைக்குள் நுழையாது. லிட்டருக்கு 25 கிராம் மைதா கரைத்துத் தெளித்தால் காய்ந்து உரிந்துவிடும். பூச்சிமருந்து மட்டும் வேண்டாம். இந்த ஈயை அடக்குவது என்கார்சியா என்ற சிறு குளவி. மருந்தில் முதலில் சாவது அதுதான். ஓலையடியில் கறுத்த குஞ்சுகள் தெரிந்தால் குளவி வந்துவிட்டது. அந்த ஓலைத் துண்டுகளைக் குளவி இல்லாத மரங்களில் கட்டுங்கள்.

பப்பாளிக்கு விட்ட குளவியையே மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் விடலாமா?

பயன்படாது. பப்பாளி மாவுப்பூச்சிக்கு ‘அசெரோஃபேகஸ் பப்பாயே’ என்ற குளவி. மரவள்ளியின் நுனியைக் கொத்தாகச் சுருட்டும் இளஞ்சிவப்பு மாவுப்பூச்சிக்கு ‘அனகைரஸ் லோபெசி’ என்ற வேறொரு குளவி. இரண்டாவது குளவியைத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து 1981 முதல் ஆப்பிரிக்காவில் விட்டார்கள், பூச்சி அடங்கியது. கரணையைப் பூச்சியில்லாத வயலிலிருந்து மட்டும் எடுங்கள்.