கேட்டதும் கேட்பதும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கனடாவில் இருக்கும் மருமகன் சொன்னாரே என்று ரொபேர்ட் பிளான்ட் 2014இல் வெளியிட்ட 'லலபை அன்ட் த சீஸ்லெஸ் றோர்' என்ற தனி அல்பத்தைக் கேட்டேன். லெட் செப்பலின் என்ற ஆங்கிலேய ரொக் குழுவில் கூரை பறக்கப் பாடிய மனிதர், இதில் வாய்க்குள்ளே முணுமுணுக்கிறார். போன இதழில் இதை நீங்கள் புகழ்ந்தும் எழுதியிருந்தீர்கள். கிழவருக்குக் குரல் போய்விட்டது என்று சொல்ல உங்களுக்கு என்ன தயக்கம்?
– வாசகர், விசுவமடு

பதில்: எதில் கேட்டீர்கள், அதை முதலில் சொல்லுங்கள். கைபேசியை மேசையில் வைத்துத்தானே? நினைத்தேன்.

பரந்தன் பக்கம் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்து வயிறு வளர்த்தவன் நான். மரத்தில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கிக்கு ஒரு குணம் உண்டு. மேல் சுரங்களையும் நடுச் சுரங்களையும் அடுத்த ஊர்வரை கொண்டுபோகும், கீழ்ச் சுரங்களை வாயிலேயே விட்டுவிடும். சீர்காழி கோவிந்தராஜனின் பாட்டு விடியற்காலையில் வயல் தாண்டிக் கேட்டதற்கு பக்தி பாதிக் காரணம், அந்தக் குரல் இருந்த உயரம் மீதிக் காரணம். உங்கள் கைபேசியில் இருப்பதும் நகம் அளவு தகடுதான். கீழ்ச் சுரத்துக்கு வேண்டிய அளவு காற்றை அதனால் தள்ள முடியாது. பாதிப் பாட்டைக் கைபேசி விழுங்கிவிட்டது, பழி பாடகரின் தலையில்.

அந்த அல்பம் வரும்போது பிளான்டுக்கு 66 வயது. மைக்கை விட்டு விலகி நின்று கத்துவதைக் குறைத்து, அதனோடு ஒட்டி நின்று பெரும்பாலும் கீழ்க்குரலில் பாடியிருக்கிறார். ஒரு பக்கத்துச் சத்தத்தை மட்டும் எடுக்கும் மைக்கில் நெருங்கிப் பாடினால் கீழ்ச் சுரங்கள் பருத்துக் கேட்கும் என்பது ஸ்ரூடியோக்காரர் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவர் அதைத் தெரிந்தேதான் செய்திருக்கிறார். வயதும் சேர்ந்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போன குரலை நினைத்து அழுகிற பாட்டு ஒன்றுகூட அதில் இல்லை. இருக்கிற குரலை வைத்துக் கட்டிய பாட்டுகள் அவை.

முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்துப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வயது போன அண்ணாவியார், கூத்துப் பழக்கும் ஆசான், கோவலனாக ஆட வரமாட்டார். பின்னால் தாளத்தோடு நின்று வரியெடுத்துக் கொடுப்பார். கூத்து முழுக்க அவர் கையில்தான் ஓடும். இந்த அல்பத்தில் பிளான்ட் நிற்கிற இடம் அதுதான். முன்னுக்கு மற்றவர்களை விடுகிறார். காம்பியா நாட்டுக் கலைஞர் ஜுல்டே கமாரா வாசிக்கும் 'ரிட்டி' ஒற்றை நரம்பு வாத்தியம், வில்லால் இழைப்பது. அமெரிக்க மலைநாட்டுப் பழைய நாட்டுப்பாடல் ஒன்றோடு அல்பம் தொடங்குகிறது. அந்தப் பாட்டுக்குள்ளே இந்த ஆபிரிக்க நரம்பு வந்து உரசும்போது எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது. நான்காவது பாட்டில் வேல்ஸ் மொழியில் ஒரு பெண்குரல் வருகிறது. பதினோராவது, கடைசிப் பாட்டில் முதற் பாட்டே வேறு உருவில் திரும்பி வர, கமாரா தன் புலானி மொழியில் பாடுகிறார். எல்லாம் நன்று என்று சொல்ல மாட்டேன். ஒன்பதாவது பாட்டு வானொலிக்காரரைத் திருப்திப்படுத்தச் செய்ததுபோல் வழவழவென்று போகிறது. நான் தாண்டிவிடுவேன்.

இன்னொன்று. லெட் செப்பலினின் றம்ஸ் கலைஞர் ஜோன் பொன்ஹம் 1980 செப்டெம்பரில் இறந்தார். அந்த டிசம்பரிலேயே, இனித் தொடர மாட்டோம் என்று குழு அறிவித்துவிட்டது. அப்போது பிளான்டுக்கு 32 வயது. பழைய பாட்டுகளையே பாடிக்கொண்டு சாகும்வரை சம்பாதித்திருக்கலாம். 1982இல் முதல் தனி அல்பம் வந்தது, அதில் பெரும்பாலான பாட்டுகளுக்கு றம்ஸ் அடித்தவர் பில் கொலின்ஸ். அதற்குப் பிறகு சில ஆண்டுகள் மேடையில் பழைய குழுவின் பாட்டுகளைத் தொடவே மாட்டேன் என்று நின்றார். காசு கொடுத்து வந்தவர்கள் பல்லைக் கடித்திருப்பார்கள். ஆக, நீங்கள் தேடும் அந்தக் கூரை பறக்கும் குரலை அவர் ஒதுக்கி வைக்கத் தொடங்கியது கிழவரான பிறகு இல்லை, இளந்தாரியாக இருந்த காலத்திலேயே.

நல்ல ஹெட்போன் ஒன்று இரவல் வாங்குங்கள். ஆறாவது பாட்டிலிருந்து தொடங்குங்கள். பியானோவும் அவர் குரலும் தவிர அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. அதுவும் பிடிக்காவிட்டால் எழுதுங்கள், சண்டை போடுவோம்.

கேள்வி: லெட் செப்பலின் மறுபடி ஒன்றாகப் பாடுமா?
– வாசகர், மல்லாவி

பதில்: பாடி முடித்துவிட்டார்கள். 2007 டிசம்பர் 10ஆம் திகதி லண்டனில், அட்லான்டிக் ரெக்கோர்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அஹ்மெட் எர்டெகுன் நினைவாக ஒரே ஓர் இரவு. றம்ஸில் பொன்ஹமின் மகன் ஜேசன். உலகம் முழுக்கச் சுற்றுப்பயணம் போகலாம் என்று ஆசை காட்டியும் பிளான்ட் அசையவில்லை. அமெரிக்கப் பாடகி அலிசன் கிராஸோடு சேர்ந்து மெல்லிய பாட்டுகள் பாடப் போய்விட்டார். அந்த இருவரின் அல்பத்துக்கு 2009இல் ஆண்டின் சிறந்த அல்பம் என்ற கிராமி விருது கிடைத்தது. இனியும் அந்த மனிதரைக் கரைச்சல்படுத்தாதீர்கள்.

கேள்வி: நீங்கள் இளமையில் வன்னியில் இருந்துகொண்டே ரொக் கேட்டதாக எழுதுகிறீர்கள். அந்தக் காலத்தில் மின்சாரமே இல்லையே என்று அம்மா சிரிக்கிறார்.
– உயர்தர மாணவி, ஒட்டுசுட்டான்

பதில்: அம்மா சொல்வது உண்மை, பிள்ளை. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை, பற்றறியும் தடைசெய்த பொருள்களில் ஒன்று. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்போம், பெடலைக் கையால் சுற்றுவோம், டைனமோவிலிருந்து வயர் இழுத்து றேடியோவுக்குக் கொடுப்போம். முதல் உரிமை செய்திக்கு. பிபிசி தமிழோசை நேரத்தில் பாட்டு என்று வாய் திறந்தால் அடிதான் விழும். செய்தி முடிந்து, சுற்றுகிறவனுக்குக் கையில் தெம்பு மிச்சம் இருந்தால் கசற்.

கசற் ஓட ஒரே சீரான மின்னோட்டம் வேண்டும். கை தளர்ந்தால் மோட்டர் தளரும், மோட்டர் தளர்ந்தால் சுருதி இறங்கும். சுற்றுகிறவன் களைத்தால் எந்தப் பாடகரும் ஐந்து நிமிடத்தில் கிழவராகிவிடுவார். கொழும்பில் படித்த ஒருவர் விட்டுப்போன லெட் செப்பலின் கசற் ஒன்று என்னிடம் இருந்தது. பக்கத்து வீட்டுப் பெடியன் சுற்றினால் சரியான வேகம், அவனுடைய தம்பி சுற்றினால் ஒப்பாரி. அம்மாவிடம் கேளுங்கள், அவரும் சுற்றியிருப்பார், வேறு பாட்டுக்காக. 2002இல் ஏ-9 பாதை திறந்த பிறகுதான் இறுவட்டுகள் வந்தன. அப்போது நேர் வேகத்தில் கேட்டபோது சில பாட்டுகள் எனக்குப் பிடிக்காமலும் போயின.

கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரனுடைய கூச்சல். நமக்கும் இதற்கும் என்ன?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: 1972இல் பிளான்டும் கிற்றார் கலைஞர் ஜிம்மி பேஜும் பம்பாய்க்குப் போய், அங்குள்ள கலைஞர்களை வைத்துத் தங்கள் பாட்டுகளில் இரண்டைப் பதிவுசெய்தார்கள். அவர்கள் நம்மைக் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் கேட்காவிட்டால் கட்டாயமில்லை.

கேள்வி: திருவிழா இசைக்குழுவில் இருபது வருடமாகப் பாடுகிறேன். வயது 48. டி.எம்.எஸ். பாட்டுகளில் மேலே போகும் இடங்கள் இப்போது பிசகுகின்றன. குழுவில் இருக்கும் பெடியள் சிரிக்கிறார்கள். விட்டுவிடட்டுமா?
– பாடகர், மாங்குளம்

பதில்: ஏன் தம்பி விட வேண்டும்? கீபோர்ட்காரரிடம் சொல்லி ஒரு கட்டை இறக்குங்கள். போதாவிட்டால் இன்னும் அரைக் கட்டை. அவருக்கு அது ஒரு பொத்தானை அமுக்குகிற வேலை. கிற்றார்காரர் முகத்தைச் சுளிப்பார், சுளிக்கட்டும். மேலே சொன்ன லண்டன் கச்சேரியிலேயே சில பாட்டுகளைச் சுருதி இறக்கித்தான் வாசித்தார்கள். யாரும் காசைத் திருப்பிக் கேட்கவில்லை.

அப்புறம், மைக்கை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். கீழ் வரிகளுக்கு உதட்டோடு கொண்டுவாருங்கள், மேலே போகும்போது ஒரு சாண் விலக்குங்கள். பிசிறு பாதி மறைந்துவிடும். மேல் சுரத்தையே நம்பி நிற்கிற பாட்டுகள் நாலைந்து இருக்கும், அவற்றை அந்தச் சிரிக்கிற பெடியளிடம் கொடுங்கள். முழு இரவும் பாடிப் பார்க்கட்டும்.

கேள்வி: நீங்கள் இவ்வளவு சொல்வதால் கேட்கிறேன். இந்த அல்பத்தை எங்கள் கோயில் திருவிழாவில், இடைவேளை நேரத்தில் போடலாமா?
– ஒலிபெருக்கி வாடகைக்காரர், முறிகண்டி

பதில்: தொழில் தெரிந்த நீங்களே இப்படிக் கேட்கலாமா? கூம்பில் போட்டால் ரிட்டி மட்டும் ஊர் முழுக்கக் கீச்சிடும், பாடகர் கம்பத்தோடு நின்றுவிடுவார். உபயகாரரும் உங்களைத் தேடி வருவார். சீர்காழியைப் போடுங்கள்.