கேள்வி–பதில்: கர்ட் வார்னர் சாதித்தது அதிர்ஷ்டத்தாலா?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்தில் தொடக்கத்தில் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத கர்ட் வார்னர், பிறகு சூப்பர் பவுல் எனும் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தை வென்ற குவார்ட்டர்பேக் ஆனார் என்று படித்தேன். அது அதிர்ஷ்டம்தானா?

பதில்: வாய்ப்பு வாய்த்ததில் அதிர்ஷ்டம் உண்டு, அதை அவர் பயன்படுத்திக்கொண்ட விதத்தில் இல்லை. பந்து கைக்கு வந்த இரண்டு மூன்று விநாடிகளுக்குள், தம்மைச் சாய்க்கப் பாய்ந்து வரும் எதிரணியினருக்கு இடையே, ஓடிக்கொண்டிருக்கும் சக வீரர்களில் யாருக்கு எறிவது என்று முடிவெடுக்க வேண்டியவர் குவார்ட்டர்பேக். களத்தில் அந்த இடம் ஒருவருக்கே உரியது என்பதால், திறமை இருந்தும் காத்திருப்போர் பலர்.

1994-இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் பயிற்சி முகாமிலிருந்து வார்னர் வெளியேற்றப்பட்டார். அங்கே அப்போது குவார்ட்டர்பேக் இடத்தில் பிரெட் ஃபாவ்ர் இருந்தார். அதன்பின் வார்னர் அயோவா மாநிலத்தின் சீடர் ஃபால்ஸில் ஒரு பல்பொருள் அங்காடியில், மணிக்கு 5.50 டாலர் சம்பளத்துக்கு, இரவில் சரக்கு அடுக்கினார். எல்லோரும் இந்த வேலையைப் பற்றியே பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், 1995 முதல் 1997 வரை அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ் அணிக்காக அவர் ஆடிய உள்ளரங்கக் கால்பந்துதான் அவரை உருவாக்கியது. அங்கே களத்தின் நீளம் 100 யார்டு அல்ல, வெறும் 50. ஓர் அணிக்கு 8 பேர். இடம் சுருங்கும்போது யோசிக்கக் கிடைக்கும் நேரமும் சுருங்குகிறது. பந்தை விரைந்து கைவிடும் வழக்கம் அவருக்கு அங்கேதான் ஊறியது.

1999-இல் பருவம் தொடங்குமுன் நடந்த ஆட்டமொன்றில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியின் டிரென்ட் கிரீன் முழங்காலில் காயமடைய, அவருடைய இடம் வார்னருக்கு வந்தது. அந்தப் பருவத்தில் 41 டச்டவுன்களுக்கு, அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைச் சேர்த்துப் புள்ளிகள் பெறுவதற்கு, பந்தெறிந்து, லீகின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். 2000 ஜனவரி 30 அன்று நடந்த சூப்பர் பவுலில், டென்னசி டைட்டன்ஸுடன் 16-16 என்று சமநிலையில் இருந்தபோது, எதிரணியின் ஜெவோன் கியர்ஸ் மோதிய அதே கணத்தில் அவர் பந்தை விடுவித்தார். எறி சற்றே குறைவாக விழ, சக வீரர் ஐசக் புரூஸ் வேகத்தைத் தணித்துப் பிடித்து 73 யார்டு டச்டவுனாக்கினார். ராம்ஸ் 23-16 என வென்றது.

கேள்வி: அதன் பிறகு அவர் மங்கிவிட்டார் அல்லவா?

பதில்: சில ஆண்டுகள் மங்கினார். 2001-இல் அதே விருதை மீண்டும் பெற்றாலும், அந்தப் பருவத்தின் சூப்பர் பவுலில் டாம் பிரேடியின் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸிடம் ராம்ஸ் தோற்றது. அடுத்து எறியும் கையில் காயங்கள். 2004-இல் அவர் மாறிச் சென்ற நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி 5 வெற்றி, 4 தோல்வி என்றிருந்த நிலையில், அவருடைய இடம் புதுமுகமான ஈலை மேனிங்குக்குப் போனது.

ஆனால் அவருடைய இரண்டாம் எழுச்சியையே நான் பெரிதாக மதிக்கிறேன். பிறகு அவர் சேர்ந்த, அதுவரை சூப்பர் பவுலையே எட்டாத அரிசோனா கார்டினல்ஸ் அணியை, தமது 37-ஆம் வயதில், 2009-இல் அங்கே கொண்டு சேர்த்தார். முதல் பாதி முடியும் தறுவாயில் அவர் எறிந்த பந்தை எதிரணியின் ஜேம்ஸ் ஹாரிசன் இடைமறித்து 100 யார்டு ஓடி டச்டவுன் அடித்த பிறகும் தளராமல், கடைசி மூன்று நிமிடங்களுக்குள் சக வீரர் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு எறிந்து அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். இறுதியில் எதிரணியான பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 27-23 என வென்றது. 2010 ஜனவரியில் ஓய்வு பெற்ற வார்னர், 2017-இல், சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்.