சாலையின் அகலமும் தடங்களும்: வரைபடத் தரவு பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: தடக்கோடுகளே இல்லாத சாலையில் எதிரெதிரே இரண்டு வண்டிகள் தாராளமாகச் செல்கின்றன. அதை இருதடச் சாலை என்று பதியலாமா?

பதில்: கோடு போடப்படவில்லை என்பதையே முதலில் பதியுங்கள். தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் அதற்கென்று ‘லேன் மார்க்கிங்ஸ்’ என்னும் தனிக் குறிச்சொல் (சாலையின் ஒரு பண்பைப் பெயரும் மதிப்புமாகப் பதியும் குறிப்பு) இருக்கிறது. அதற்கு ‘நோ’ என்று மதிப்பளித்து, கூடவே அகலத்தை மீட்டரில் கொடுத்துவிட்டால் இரண்டு வண்டிகள் விலகிச் செல்ல இடம் உண்டா என்பதைத் தரவைப் பயன்படுத்துபவரே கணித்துக்கொள்வார். தடம் என்பது சாலையை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதைச் சொல்கிறது. அகலம் என்பது அளவு. ஒன்றிலிருந்து மற்றொன்றை ஊகித்து நிரப்புவதுதான் இத்தரவில் நான் அடிக்கடி காணும் பிழை. ஒன்றரைத் தடம் என்று எழுதும் பழக்கமும் இத்தகைய ஊகத்தில் பிறந்ததே.

கேள்வி: செயற்கைக்கோள் படத்தில் அளந்து அகலத்தைக் கொடுத்தால் போதுமா?

பதில்: போதும், ஆனால் எதை அளக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வண்டிகள் ஓடும் பரப்பை மட்டும் அளப்பவரும், நடைபாதையையும் சேர்த்து அளப்பவரும் ஒரே குறிச்சொல்லில் வெவ்வேறு எண்களை எழுதிவைக்கிறார்கள். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கவே ஓடுபரப்பின் அகலத்துக்கு மட்டுமான ‘விட்த் கேரேஜ்வே’ என்ற விரிவு பயன்படுகிறது. அடுத்தது படத்தின் நுணுக்கம். இணைய வரைபடங்களில் வழக்கமான, பக்கத்துக்கு 256 புள்ளிகள் கொண்ட சதுரப் படத்துண்டுகளில் (ஓடுகளில்), 18ஆம் உருப்பெருக்க நிலையில், நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 0.6 மீட்டர், சாலையின் இரு விளிம்புகளிலும் ஒவ்வொரு புள்ளி தவறினாலே ஒரு மீட்டருக்கு மேல் பிசகிவிடும். மரநிழல் விளிம்பை மறைத்திருந்தால் பிசகு இன்னும் கூடும்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது. இவ்வரைபடங்கள் பெரும்பாலும் மெர்க்கேட்டர் வீழலில் (உருண்டையான பூமியைத் தட்டையாக விரித்துக் காட்டும் ஒரு முறையில்) அமைந்தவை என்பதால், நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகத் தூரங்கள் நீண்டு தெரியும். 60 பாகை அட்சரேகையில் 6 மீட்டர் சாலை, வீழல் ஆயத்தொலைவுகளை அப்படியே கழித்துப் பார்த்தால் 12 மீட்டராக வரும். வரைபடத் திருத்திகளின் அளவுகோல் பொதுவாக இதைச் சரிசெய்துவிடும். சொந்தமாக நிரல் எழுதி அளப்பவர்கள்தான் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். மதிப்பிட்ட எண்ணாக இருந்தால் மதிப்பீடு என்றே குறித்துவையுங்கள். நாடா பிடித்து அளந்தவர் பின்னால் வந்து தயங்காமல் திருத்துவார்.

கேள்வி: நடுவில் இரட்டைக் கோடு உள்ள சாலையை இரண்டு வழிகளாக, அதாவது வரைபடத்தில் இரண்டு தனிக் கோடுகளாக, வரையலாமா?

பதில்: கூடாது. தடுப்புச் சுவர், புல்திட்டு போன்ற பருப்பொருள் தடை இருந்தால் மட்டுமே பிரித்து வரைய வேண்டும்.

கேள்வி: ஒருவழிச் சாலையில் தடங்கள் இரண்டு என்று பதிந்திருக்கிறார்கள், ஆனால் எந்தத் தடத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்பலாம் என்று தடவாரியாகச் சொல்லும் திரும்பு தடப் பட்டியலில் மூன்று மதிப்புகள் உள்ளன. இது பிழையா?

பதில்: பெரும்பாலும் பிழையன்று. தடங்களின் மொத்த எண்ணிக்கையில் மோட்டார் வண்டிகளுக்கான தடங்கள் மட்டுமே சேரும். மிதிவண்டித் தடம் சேராது. ஆனால் தடவாரியாக எழுதும் பட்டியலில் எல்லாத் தடங்களும், வழி வரையப்பட்ட திசையை நோக்கி நின்றால் இடமிருந்து வலமாக, இடம்பெறும். மூன்றாவது மதிப்பு மிதிவண்டித் தடத்துக்குரியதா என்று பார்த்துவிட்டுத் திருத்துங்கள். எண்கள் பொருந்தவில்லை என்று சோதனைக் கருவி எச்சரித்தவுடன் ஒன்றை நீக்கிவிடுவது அவசர வேலை.

கேள்வி: அகலத்தைச் சேர்த்த பிறகும் வரைபடத்தில் சாலை தடிமனாகத் தெரியவில்லையே?

பதில்: ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் வழக்கமான தோற்றத்தில் கோட்டின் தடிமன் சாலையின் வகையைப் பொறுத்தது, நீங்கள் எழுதிய அகலம் அதைத் தீர்மானிப்பதில்லை. தடிமனாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சாலையின் வகையை உயர்த்திவிடாதீர்கள். வண்டிகளுக்கான அகலக் கட்டுப்பாடும் வேறு. அது ‘மேக்ஸ்விட்த்’ குறிச்சொல்லுக்கு உரியது.

கேள்வி: ஒரு தடம் சிறிது சிறிதாக விரிந்து தோன்றும் இடத்தை எப்படிக் காட்டுவது?

பதில்: ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பில் வழியை அந்த இடத்தில் வெட்டி, இரு துண்டுகளுக்கும் வெவ்வேறு தட எண்ணிக்கை தருவதே வழக்கம், விரிவு படிப்படியானது என்பது இதில் தொலைந்துபோகும். ஓட்டுநர் உருவகப்படுத்தலுக்கான ஓப்பன்டிரைவ் வடிவத்தில் ஒவ்வொரு தடத்தின் அகலமும் சாலையின் ஆதாரக் கோட்டின் வழியே முப்படிப் பல்லுறுப்புக் கோவையாக (தொலைவுக்கேற்ப மாறும் மதிப்பைத் தரும் சூத்திரமாக) எழுதப்படுவதால், பூஜ்யத்திலிருந்து முழு அகலம் வரை வளரும் தடத்தை உள்ளபடியே காட்ட முடியும். உங்கள் தேவை வழிகாட்டல் மட்டும் என்றால் முதல் முறையே போதுமானது. வெட்டும் இடத்தை முழுத் தடம் தொடங்கும் புள்ளிக்கு அருகில் வையுங்கள்.