குடிக்காதவர்கள் குடும்பத்தோடு இங்கிலாந்து பப்பில் மதியம் சாப்பிடலாமா?

தாராளமாகப் போகலாம். நம்மூர் பாரை மனதில் வைத்துக்கொண்டு தயங்க வேண்டாம். மதிய வேளையில் கைக்குழந்தையோடு அம்மாக்கள் இருப்பார்கள், மேசைக்கடியில் நாய் படுத்திருக்கும், பேப்பர் படித்தபடி ஒரு தாத்தா சூப் குடித்துக்கொண்டிருப்பார். நீங்கள் ஆரஞ்சு ஜூஸ் கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்கக்கூட மாட்டார்கள்.

எங்கே போகலாம் என்றால், கென்ட் கடற்கரையில் விட்ஸ்டபிள் ஊரிலுள்ள ஓல்டு நெப்டியூன் என்ற பப்பைத்தான் முதலில் சொல்வேன். கூழாங்கல் கடற்கரை மேலேயே நிற்கிற வெள்ளை மரக் கட்டடம் அது. 1897 நவம்பரில் வந்த புயல் வெள்ளம் பழைய பப்பைச் சிதைத்துவிட, தேறிய மரங்களையும் சேர்த்து மறுபடி கட்டினார்கள். தரை இன்றும் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. என் தட்டிலிருந்து விழுந்த பட்டாணி ஒன்று மேசையைக் கடந்து நேரே சுவர்ப்பக்கம் ஓடியது. பிள்ளைகள் அதற்கப்புறம் சாப்பிட்டதைவிடப் பட்டாணி உருட்டியதுதான் அதிகம். ஜன்னலோர இடம் கிடைத்தால் விடாதீர்கள், கடல் அவ்வளவு பக்கத்தில் இருக்கும்.

பப்பில் பொதுவாக யாரும் மேசைக்கு வந்து ஆர்டர் எடுப்பதில்லை. மேசையைப் பிடித்து, அதில் எண் இருந்தால் பார்த்துக்கொண்டு, கவுண்டரில் போய்ச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். குடிக்கிறதைக் கையிலேயே தருவார்கள், சாப்பாடு மேசைக்கு வரும். கவுண்டரில் வரிசை இருக்காது. ஆனால் யார் முதலில் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். உங்களுக்கு முன்னால் வந்தவரைக் காட்டி 'அவர் முதலில்' என்று சொல்லிப் பாருங்கள், உடனே பேச்சுக் கொடுப்பார்கள்.

மீன் சாப்பிடுபவர்களுக்கு ஃபிஷ் அண்ட் சிப்ஸ் போதும். அங்கே சிப்ஸ் என்றால் தடிமனாக நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கு. மொறுமொறு மாவுக்குள் ஆவி பறக்கும் வெள்ளை மீன், மேலே கொஞ்சம் வினிகர். காரம் எதிர்பார்க்காதீர்கள். விட்ஸ்டபிள் சிப்பிக்குப் பேர்போன ஊர். அந்த ஊரின் நாட்டுச் சிப்பிக்குச் செப்டம்பர் முதல் ஏப்ரல் வரைதான் காலம். சைவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: சிப்ஸை எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள் என்று. பல இடங்களில் மீன் பொரித்த எண்ணெய்தான், சில இடங்களில் மாட்டுக் கொழுப்பு. கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள்.

சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். கடல் வற்றும் நேரமாக இருந்தால் டாங்கர்டன் பக்கம் நடந்து போங்கள். 'தி ஸ்ட்ரீட்' என்ற கூழாங்கல் திட்டு தண்ணீருக்கு நடுவே கடலுக்குள் நீண்டு கிடக்கும், அதன் மேல் நடக்கலாம். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் திரும்பிவிட வேண்டும், அங்கே குளிக்கவும் கூடாது, நீரோட்டம் ஆபத்தானது. அதனால் கடல் வற்றும் நேரத்தை இணையத்தில் பார்த்துவிட்டு, அதற்கேற்பச் சாப்பாட்டு நேரத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து விட்ஸ்டபிளுக்கு ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். முடிந்தால் வார நாளில் போங்கள். ஞாயிறு என்றால் பப்களில் ரோஸ்ட், அதாவது அடுப்பில் வாட்டிய இறைச்சியும் காய்கறியும், சாப்பிடவே கூட்டம் வரும். மதியச் சமையலைச் சீக்கிரமே நிறுத்திவிடும் பப்களும் உண்டு, அதனால் ஒரு மணிக்குள் உள்ளே போய்விடுவது நல்லது.